ஒரே ஈத்து, ஒன்று இரண்டரைக் கிலோ, இன்னொன்று ஐந்தரைக் கிலோ: எங்கள் பஞ்சு பொமரேனியன்தானா?

பஞ்சு அப்பா, கரூர் (கேள்வி)

எங்கள் பஞ்சுவுக்கு எட்டு மாதம் முடிந்துவிட்டது. வெள்ளைக் கடுவன். வெளியூரில் ஒருவரிடம் வாங்கினோம். "டாய் பாம், கல்ச்சர் பாம், முழுசா வளர்ந்தாலும் ரெண்டரைக் கிலோவைத் தாண்டாது" என்று, அதாவது மிகச் சின்ன வகைப் பொமரேனியன் என்று சொல்லித்தான் கொடுத்தார். தாயை நேரில் பார்த்தோம், உண்மையிலேயே சின்னது. தகப்பனைப் போனில் படமாகக் காட்டினார். அதே ஈத்தில் பிறந்த பெட்டைக் குட்டியை என் கொழுந்தியாள் வாங்கிக்கொண்டாள்.

இப்போது கொழுந்தியாள் வீட்டுக் குட்டி 2.6 கிலோ. எங்கள் பஞ்சு 5.4 கிலோ. என்னிடம் இருப்பது சாதாரணத் தராசு. அவனைத் தூக்கிக்கொண்டு ஒரு தடவை ஏறி, பிறகு நான் மட்டும் ஏறி, கழித்துப் பார்த்தேன். மருத்துவமனைத் தராசிலும் அதே எடைதான் வந்தது. தோள் உயரம் 27 செ.மீ. இரண்டும் ஒரே தாய் வயிற்றில் பிறந்தவை என்று சொன்னால் யாரும் நம்புவதில்லை.

எதிர்வீட்டுக்காரர் இது பாம் இல்லை, வெறும் சடை நாய் என்கிறார். மாலையில் நடக்கக் கூட்டிப்போனால் என் மகளிடம் பிள்ளைகள் "உங்க நாய் டூப்ளிகேட்டா?" என்று கேட்கிறார்கள், அவள் முகம் வாடிவிடுகிறது. விற்றவரைக் கூப்பிட்டுக் கேட்டேன். "நீங்க அதிகமா போடுறீங்க. ஒருவேளை மட்டும் வெறும் சோறு வைங்க, வளர்ச்சி நின்னுடும்" என்றார். அது எனக்குச் சரியாகப் படவில்லை, இன்னும் அப்படிச் செய்யவில்லை. மூன்று வேளையும் கொடுத்துக்கொண்டிருக்கிறேன்.

நான் தெரிந்துகொள்ள வேண்டியது இதுதான். ஒரே ஈத்தில் இவ்வளவு வித்தியாசம் வருமா? இவன் இன்னும் வளருவானா? சாப்பாட்டைக் குறைத்தால் நல்லதா கெட்டதா? நாயைத் திருப்பிக் கொடுக்கும் எண்ணம் எங்கள் யாருக்கும் இல்லை.


சலூன் அக்கா, கோவை

அண்ணா, நான் நாய்களுக்குக் குளிப்பாட்டி முடி வெட்டும் கடை வைத்திருக்கிறேன். பாம் என்று சொல்லி என் மேசைக்கு வருகிற நாய்களில் 2 கிலோவும் உண்டு, 8 கிலோவும் உண்டு. எல்லா வீட்டிலும் அதைப் பாம் என்றுதான் கூப்பிடுகிறார்கள். அதனால் எடையை மட்டும் வைத்து நான் எதையும் முடிவு செய்வதில்லை. தண்ணீர் பட்டு முடி ஒட்டிய பிறகுதான் உள்ளே இருக்கும் நாய் தெரியும். முடி அடர்த்தியாக இருந்தால் 3 கிலோ நாய்கூட 5 கிலோ மாதிரி நிற்கும்.

நீங்களே பார்க்கலாம். பஞ்சுவைக் குளிப்பாட்டும்போது முகத்தைக் கவனியுங்கள். மூக்கு குட்டையாக, தலை உருண்டையாக, காது சின்னதாக நெருக்கமாக இருந்து, வால் முதுகின் மேல் தட்டையாகப் படுத்திருந்தால் பாம் பக்கம் சாய்கிறான். மூக்கு நீண்டு நரி முகம்போல் இருந்து, காது பெரிதாக, கால் உயரமாக, அடிமுடி குறைவாக இருந்தால் இந்தியன் ஸ்பிட்ஸ் (பாம் சாயலில் இருக்கும் நம் நாட்டுச் சடை நாய்) இரத்தம் இருக்க வாய்ப்பு அதிகம். நம் ஊரில் எண்பது, தொண்ணூறுகளில் வீட்டுக்கு வீடு பாம் என்று வளர்த்தது பெரும்பாலும் ஸ்பிட்ஸ்தான். இன்றைக்கும் வெள்ளை நிறத்தில் வருகிற "பாம்"களில் பல அந்த வழிதான். அதில் கேவலம் எதுவும் கிடையாது. நம் வெயிலைத் தாங்கும், மூளைக்காரன், வாசலில் யார் வந்தாலும் வீட்டையே எழுப்பிவிடும்.

இன்னொன்று. நாலு மாதத்துக்கு மேல் குட்டி முடி உதிர்ந்து பெரிய முடி வருவதற்கு இடையில் பாம் குட்டிகள் கால் நீண்டு, முகம் ஒல்லியாகி, வேறு நாய்போலத் தெரியும். அந்தச் சமயத்தில் "ஏமாற்றிவிட்டார்கள்" என்று அழாத குறையாக என்னிடம் வருகிறவர்கள் அதிகம். எட்டு மாதத்தில் அந்தக் கட்டம் ஏறக்குறைய முடிகிறது, இனிமேல் முடி நிறையும். தயவுசெய்து வெயிலுக்கு என்று ஒட்ட மழிக்கச் சொல்லாதீர்கள். இந்த இனத்தில் மழித்த முடி சில நாய்களுக்குத் திரும்ப முளைப்பதே இல்லை. மழித்த முதுகில் வெயில் நேராகப் படும், அதுவும் கெடுதல். நன்றாகச் சீவி, உதிர்ந்த அடிமுடியை எடுத்துவிட்டாலே போதும்.

மகளிடம் சொல்லுங்கள், பஞ்சு டூப்ளிகேட் இல்லை.


சென்னை 44

இதில் யோசிக்க என்ன இருக்கிறது? தகப்பனைக் காட்டாமல் படம் காட்டினார் என்றாலே விஷயம் விளங்கிவிடுகிறது. கென்னல் கிளப் சான்றிதழ் கொடுத்தாரா? கொடுக்காவிட்டால் பணத்தைத் திருப்பிக் கேளுங்கள். மரபணுப் பரிசோதனை செய்து வைத்துக்கொண்டால் கையில் ஆதாரம் இருக்கும்.


ஓய்வு பெற்ற ஆய்வாளர், பெருந்துறை

தம்பி, கால்நடைத் துறையில் ஆய்வாளராக இருந்து ஓய்வு பெற்றவன் நான். மருத்துவர் அல்ல. மாடு, ஆடு, நாய் என்று ஈத்துப் பார்த்தே காலம் போனது. என் வீட்டிலும் அப்பா காலம் தொட்டுச் சடை நாய் உண்டு. உன் கேள்வியில் எனக்கு நெஞ்சில் தைத்தது எடை வித்தியாசம் அல்ல. "ஒருவேளை மட்டும் வெறும் சோறு" என்ற அந்த வார்த்தைதான். அதை முதலில் பேசிவிடுகிறேன்.

அதைச் செய்யாதே. நீ இதுவரை செய்யாமல் இருந்தது மிகச் சரி. நாயின் அளவு எலும்பின் நீளம். அந்த நீளத்தை முடிவு செய்வது பிறவியில் வந்த கணக்கு. பட்டினி போட்டால் முதலில் கரைவது தசை, அப்புறம் நோய் எதிர்ப்பு. எலும்பு குட்டையாகி அழகான டாய் பாம் வந்துவிடாது, மெலிந்த பெரிய நாய்தான் கிடைக்கும். வெறும் சோற்றில் சுண்ணாம்புச் சத்து கிடையாது. வளருகிற குட்டி அந்தக் குறையை ஈடுகட்டத் தன் எலும்பிலிருந்தே சுண்ணாம்பை உருவிக்கொள்ளும். எலும்பு மெலிந்து, கால் வளைந்து, சோபாவிலிருந்து குதித்ததற்கே முறிந்த கால்களைப் பார்த்திருக்கிறேன். எக்ஸ்ரேயில் அந்த எலும்பு நிழல்போல மங்கலாகத் தெரியும்.

சின்னக் குட்டிகளுக்கு இன்னும் மோசம். இரண்டு கிலோவுக்குள் இருக்கிற குட்டியின் ஈரலில் சேமித்து வைக்கும் சர்க்கரை மிகக் குறைவு. இரண்டு வேளை தவறினால் தள்ளாடும், கண் சொருகும், வலிப்பு வரும். உன் கொழுந்தியாளிடம் இதைக் கட்டாயம் சொல். அந்தப் பெட்டை எப்போதாவது துவண்டு விழுந்தால் ஈறில் தேனோ குளுக்கோஸ் தண்ணீரோ தடவிக்கொண்டே மருத்துவரிடம் ஓட வேண்டும். விழுங்கத் தெரியாத நிலையில் வாய்க்குள் ஊற்றக் கூடாது, நுரையீரலுக்குள் போய்விடும்.

சரி, இப்போது அளவு விஷயம். ஒரே ஈத்தில் இவ்வளவு வித்தியாசம் வருமா என்றால், வரும். காரணம் ஒன்றல்ல.

பொமரேனியன் என்று இன்று நாம் சொல்கிற பொம்மை நாய், ஆதியில் பொம்மை நாய் இல்லை. பால்டிக் கடலோரத்தில் பொமரேனியா என்ற பகுதி, இன்று ஒரு பகுதி ஜெர்மனியிலும் பெரும்பகுதி போலந்திலும் கிடக்கிறது. அங்கிருந்து வந்த ஸ்பிட்ஸ் நாய்கள் காவல் காத்தவை. மூன்றாம் ஜார்ஜ் மன்னரின் மனைவி ஷார்லட் அரசி அவற்றை இங்கிலாந்துக்குக் கொண்டுவந்தபோது ஒவ்வொன்றும் பத்துக் கிலோவுக்கு மேல். கெயின்ஸ்பரோ என்ற ஓவியர் அந்த நாய்களை வரைந்திருக்கிறார், படத்தைப் பார்த்தால் நம் ஊர்ப் பெரிய சடை நாய் உயரத்துக்கு நிற்கும். அதற்கு நூறு வருஷம் கழித்து, 1888இல் விக்டோரியா மகாராணி இத்தாலியில் ஃபிளாரன்ஸ் நகருக்குப் போனபோது மார்க்கோ என்று ஒரு சின்ன நாய் அவருக்குக் கிடைத்தது. அதைப் பார்த்து ஊரே சின்ன பாம் தேட ஆரம்பித்தது. அந்த மார்க்கோவின் எடை 12 பவுண்டு என்று எழுதி வைத்திருக்கிறார்கள். கிலோவில் ஏறக்குறைய 5.4. உன் பஞ்சுவின் எடை, தம்பி! உலகமே "எவ்வளவு சின்னது" என்று வியந்த நாயின் எடைதான் இன்று உன் வீட்டில் "ரொம்பப் பெரிசு" என்று பேச்சு வாங்குகிறது.

அப்புறம் சீக்கிரமே இன்னும் சிறிதாக்கிவிட்டார்கள். 1912இல் டைட்டானிக் மூழ்கியபோது தப்பிய நாய்கள் மூன்றே மூன்று. அதில் இரண்டு பாம். கைக்குள் அடங்கியதால் உயிர்காப்புப் படகில் தூக்கிக்கொண்டு ஏற முடிந்தது. இன்று அமெரிக்கன் கென்னல் கிளப் கணக்கில் 3 முதல் 7 பவுண்டு, அதாவது ஏறக்குறைய 1.4 முதல் 3.2 கிலோ. இங்கிலாந்துக் கணக்கு அதைவிடக் குறுகியது, கடுவனுக்கு 1.8 முதல் 2 கிலோ, பெட்டைக்கு 2 முதல் 2.5 கிலோ. பெட்டைக்குத்தான் அதிகம், கவனி. குட்டி சுமக்க வேண்டிய உடம்பு அது.

நாயின் வம்சத்தில் இந்த நூறு, நூற்றைம்பது வருஷம் சின்னக் காலம். பெரிய ஸ்பிட்ஸின் கூறுகள் உள்ளே கிடக்கின்றன. அளவை முடிவு செய்வது ஒரே ஒரு மரபணு அல்ல, பல மரபணுக்கள் சேர்ந்து. அதில் முக்கியமானது ஐ.ஜி.எஃப்.1 என்பது. சின்ன நாய்களுக்கும் பெரிய நாய்களுக்கும் அதில் வித்தியாசம் இருப்பதை 2007இல் கண்டுபிடித்தார்கள். உடல் அளவு வித்தியாசத்தில் ஏறக்குறைய 15 சதவீதம் அந்த ஒன்றால் மட்டும் என்கிறார்கள். 2022இல் அதே இடத்தை இன்னும் நுணுக்கமாகப் பார்த்தபோது, சின்ன உடம்புக்கான வடிவம் 50,000 வருஷத்துக்கு மேற்பட்ட ஒரு சைபீரிய ஓநாயின் எலும்பிலேயே இருந்தது தெரியவந்தது. மனிதன் நாய் வளர்க்க ஆரம்பிக்கும் முன்பே அந்த விதை இருந்திருக்கிறது, நாம் அதைப் பொறுக்கி எடுத்துச் சேர்த்திருக்கிறோம். அவ்வளவுதான். மிச்சம் 85 சதவீதம் வேறு பல இடங்களில் சிதறிக் கிடக்கிறது. ஒவ்வொரு குட்டிக்கும் தாயிடமிருந்து பாதி, தகப்பனிடமிருந்து பாதி. எந்தப் பாதி என்பது குட்டிக்குக் குட்டி மாறும். தாய் சின்னது, தகப்பன் நடுத்தரம் என்றால் ஒரு குட்டிக்குச் சின்னக் கூறுகள் அதிகம் விழலாம், இன்னொன்றுக்குப் பெரிய கூறுகள் விழலாம். அதோடு உன்னுடையது கடுவன், அது பெட்டை.

இன்னொரு வழியும் உண்டு, சொல்லாமல் விடுவது சரியில்லை. பெட்டை நாய் பருவத்துக்கு வந்தால் ஒன்றுக்கு மேற்பட்ட கடுவனோடு சேரும். ஒரே ஈத்தில் இரண்டு தகப்பன் குட்டிகள் பிறப்பது நாய்களில் நடக்கிற விஷயம்தான். வீட்டுக்குள்ளே சின்னக் கடுவனோடு சேர்த்துவிட்டு, மறுநாள் கதவு திறந்து கிடந்தால் போதும். விற்றவர் பொய் சொல்லாமலே இது நடந்திருக்கலாம்.

சென்னை நண்பர் சான்றிதழ் பற்றிச் சொன்னார். அந்தக் காகிதம் தாய் தகப்பன் யார் என்று சொல்லும், குட்டி எத்தனை கிலோ ஆகும் என்று சொல்லாது. சான்றிதழ் உள்ள இரண்டு நாய்களுக்கும் நிர்ணயித்த அளவைத் தாண்டிக் குட்டி பிறக்கும். மரபணுப் பரிசோதனை ஆசை இருந்தால் செய்துகொள்ளலாம், ஆனால் அந்தப் பணத்துக்கு ஒரு முழு உடல் பரிசோதனை செய்வது பஞ்சுவுக்குப் பயன். விற்பனைக்கான விதிகள் 2017இல் வந்தன, அதன்படி எட்டு வாரத்துக்குக் குறைந்த குட்டியை விற்கவே கூடாது. குட்டி எவ்வளவு சீக்கிரம் கைமாறுகிறதோ அவ்வளவு சின்னதாகத் தெரியும், வாங்குகிறவனும் "டாய்" என்று நம்புவான். அதற்காகத்தான் பலர் முந்துகிறார்கள். எனக்கு இதில் வருகிற கோபம் சொல்லி மாளாது. தாய்ப்பாலும் உடன்பிறப்போடு விளையாட்டும் இல்லாமல் வந்த குட்டி, கடிக்கும் அளவு தெரியாமலே வளருகிறது.

வளர்ச்சி பற்றிக் கேட்டாய். இந்த அளவு நாய்கள் பத்து மாதத்துக்குள் ஏறக்குறைய முழு எடையை எட்டிவிடும், ஒரு வயதுக்குள் உடம்பு நிறையும். உயரத்தில் இனிமேல் பெரிய மாற்றம் இருக்காது. நெஞ்சு கொஞ்சம் அகலும், ஆறு கிலோவை ஒட்டி நிற்கலாம். அதை நீ எதிர்பார்த்தே இரு.

எடையைவிட விலா எலும்பைப் பார். உன் கையைப் பாதி மூடி விரல் முட்டிகளைத் தடவு: நாயின் விலா அப்படித் தட்டுப்பட்டால் மெலிவு. உள்ளங்கையைத் தடவு: அப்படி மெத்தென்று இருந்தால் கொழுப்பு. புறங்கையைத் தடவினால் எலும்பு லேசாகத் தெரியும் அல்லவா, பஞ்சு அப்படி இருந்தால் சாப்பாடு சரியாக இருக்கிறது. மேலிருந்து பார்த்தால் இடுப்பு கொஞ்சம் உள்வாங்க வேண்டும். 5.4 கிலோ நாய் சும்மா படுத்துக் கிடந்தாலே நாளுக்கு ஏறக்குறைய 250 கிலோ கலோரி வேண்டும். வளர்கிற வயதில் அதைப்போல் இரண்டு மடங்குக்குப் பக்கம். ஒரு அவித்த முட்டை 70, 75 இருக்கும், கணக்குப் போட்டுக்கொள். இனி மூன்று வேளையை இரண்டாக்கினால் போதும். மொத்த அளவைக் குறைக்கிறதா வேண்டாமா என்பதை விலா சொல்லும்.

பஞ்சுவுக்கு நான் உண்மையில் பயப்படுவது வேறு இரண்டுக்கு. ஒன்று பின்னங்கால் முழங்கால் சில்லு. இந்த இனத்தில் அது விலகுவது சர்வ சாதாரணம். நடக்கும்போது திடீரென்று ஒரு பின்னங்காலைத் தூக்கி நாலு தத்து தத்திவிட்டு மறுபடி ஒழுங்காக நடந்தால், அதைக் குறும்பு என்று விடாதே, மருத்துவர் கையால் பிடித்துப் பார்க்க வேண்டும். இன்னொன்று மூச்சுக்குழாய். கழுத்தில் பட்டை கட்டி இழுத்தால் அது அமுங்கி, வாத்து கத்துவதுபோல் இருமல் வரும். மார்புப் பட்டை வாங்கு. கூடவே பால்பற்கள் விழுந்துவிட்டனவா என்று வாயைத் திறந்து பார். எட்டு மாதத்தில் கோரைப்பல் இரட்டையாக நின்றால் எடுத்துவிடுவது நல்லது.


டோர்ட்மூண்ட் தங்கை

வணக்கம். ஐயா எழுதியதை வாசித்தபிறகு இதையும் சொல்லலாம் என்று நினைத்தேன். நான் யாழ்ப்பாணத்தில் பிறந்து ஜெர்மனியில் இருக்கிறேன். இங்கே எங்களிடம் ஒரு ஸ்பிட்ஸ் இருக்கிறது.

இந்த நாட்டில் பொமரேனியனைத் தனி இனமாகப் பார்ப்பதில்லை. ஜெர்மன் ஸ்பிட்ஸ் என்ற ஒரே இனத்துக்குள் மிகச் சின்ன அளவு அது. சர்வதேச அமைப்பான எஃப்.சி.ஐ.யின் 97ஆம் இலக்கத் தரநிலை இவை எல்லாவற்றையும் ஒரே பத்திரத்தில் வைத்திருக்கிறது. அளப்பது எடையை அல்ல, தோள் உயரத்தை. 18 முதல் 24 செ.மீ. வரை ஸ்வெர்க்ஸ்பிட்ஸ், அதுதான் பொமரேனியன். 24 முதல் 30 வரை கிளைன்ஸ்பிட்ஸ். 30 முதல் 40 வரை மிட்டெல்ஸ்பிட்ஸ். அதற்கு மேலே குரோஸ்ஸ்பிட்ஸ், வூல்ஃப்ஸ்பிட்ஸ். கடைசியில் உள்ளது 55 செ.மீ. வரை போகும். எடை உயரத்துக்கு ஏற்றதாக இருக்க வேண்டும் என்பதோடு விட்டுவிடுகிறார்கள்.

உங்கள் பஞ்சு 27 செ.மீ. என்று எழுதியிருக்கிறீர்கள். அவன் இங்கே பிறந்திருந்தால் கிளைன்ஸ்பிட்ஸ் நடுவில் வடிவாகப் போய் நிற்பான், ஒருவரும் ஒன்றும் சொல்லமாட்டார்கள். எங்கட நாயும் அதே உயரம்தான். தெருவில் யாரும் "இது பெரிசாகிவிட்டதா" என்று கேட்டதில்லை. பெரிய ஸ்பிட்ஸ்கள்தான் இங்கே அருகிவிட்டன, குரோஸ்ஸ்பிட்ஸ் அழியும் நிலையில் உள்ள வளர்ப்பு இனங்களின் சிவப்புப் பட்டியலில் இருக்கிறது. எல்லோருக்கும் மிகச் சின்னதுதான் வேண்டும் என்றால் இப்படித்தான் ஆகும்.

எங்கள் மிருக வைத்தியரோடு ஒருமுறை இதைப் பற்றிக் கதைத்தேன். ஒன்றரைக் கிலோவுக்குக் கீழே போகும் நாய்களில் மண்டையோட்டின் உச்சிக்குழி மூடாமலே இருப்பதை அடிக்கடி காண்கிறாராம். தலையில் ஒரு தட்டுப் பட்டாலே ஆபத்து. இங்கே விலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் 11பி என்று ஒரு பிரிவு இருக்கிறது, பிறக்கும் குட்டிக்கு வலியும் துன்பமும் வரும் என்று தெரிந்தும் அப்படி இனப்பெருக்கம் செய்வதை அது தடுக்கிறது. எல்லாரும் அதை மதிக்கிறார்கள் என்று சொல்ல வரவில்லை. ஆனால் சட்டம் இருக்கிறது.


சலூன் அக்கா, கோவை

தங்கச்சி சொன்ன உயரக் கணக்கு அருமை. நம் நாட்டிலும் இந்தியன் ஸ்பிட்ஸில் இரண்டு வகை சொல்வார்கள். சின்னது 5 முதல் 7 கிலோ, உயரம் 22 முதல் 25 செ.மீ. பெரியது 12 முதல் 20 கிலோ வரை போகும், 35 செ.மீ.க்கு மேலே. பஞ்சு எடையில் சின்ன வகைக்குள் வருகிறான், உயரத்தில் ஒரு விரல் தாண்டுகிறான். இரண்டும் கலந்த குட்டிகள் இப்படித்தான் நடுவில் நிற்கும்.


பஞ்சு அப்பா, கரூர்

எல்லோருக்கும் நன்றி. படித்ததும் வீட்டில் எல்லோரையும் உட்கார வைத்து வாசித்துக் காட்டினேன். மார்க்கோ கதையை என் மகள் பள்ளிக்கூடத்தில் போய்ச் சொல்லிவிட்டாள்.

மருத்துவரிடம் காட்டினேன். விலா சரியாக இருக்கிறது, சாப்பாட்டைக் குறைக்க வேண்டாம், எலும்புள்ள சோற்றுக் கஞ்சியை நிறுத்திவிட்டு வளரும் குட்டிகளுக்கான உணவைப் பாதியாவது கலந்து கொடுங்கள் என்றார். இடது பின்னங்கால் சில்லு லேசாக அசைகிறதாம், முதல் நிலை. வழுக்கும் டைல்ஸில் ஓடவிடாதீர்கள், எடை ஏறாமல் பாருங்கள் என்றார். கூடத்தில் ரப்பர் பாய் விரித்துவிட்டோம். மேல் கோரைப்பல் ஒன்று இரட்டையாகத்தான் நிற்கிறது, அடுத்த மாதம் எடுக்கிறார்கள்.

முகத்தைப் பார்த்தால் அக்கா சொன்ன நரி முகம்தான். ஸ்பிட்ஸ் கலப்பு என்றே வைத்துக்கொள்கிறோம்.

இன்னொரு கேள்வி, இது கொழுந்தியாளுக்காக. அவளுடைய பெட்டைக்கு இப்போதுதான் முதல் பருவம் வந்து போயிருக்கிறது. தெரிந்த ஒருவர் தன்னிடம் 5 கிலோ கடுவன் இருக்கிறது, அடுத்த பருவத்தில் சேர்த்துவிடலாம், குட்டி ஒன்றுக்கு நல்ல விலை போகும் என்கிறார். அவளுக்குப் பணத்தைவிடக் குட்டி பார்க்கும் ஆசைதான். 2.6 கிலோ பெட்டைக்கு அது சரிவருமா?


ஓய்வு பெற்ற ஆய்வாளர், பெருந்துறை

தம்பி, வேண்டாம். உன் கொழுந்தியாளிடம் என் பெயரைச் சொல்லியே சொல்.

இந்த அளவுப் பெட்டைகள் ஈத்துக்கு ஒன்று முதல் மூன்று குட்டிதான் போடும். ஒரே குட்டி தங்கினால் அது வயிற்றில் இடம் தாராளமாகக் கிடைத்துப் பெரிதாகிவிடும். தகப்பன் வேறு இரண்டு மடங்கு என்றால், அந்தக் குட்டியின் தலை தாயின் இடுப்பெலும்பில் சிக்கிக்கொள்ளும். பஞ்சுவின் அளவுக் கூறுகள் அவளுக்குள்ளும் இருக்கலாம். வெளியே சின்னதாக இருப்பதால் உள்ளே எல்லாம் சின்னது என்று அர்த்தம் இல்லை, அவள் வயிற்றிலிருந்து பெரிய குட்டியும் வரலாம். அடுத்த பருவம் அவளுக்கு ஏறக்குறைய ஆறு மாதத்தில் வரும், அப்போதும் அவள் சிறு பிள்ளைதான். குட்டி பார்க்கும் ஆசைக்கு உயிரைப் பணயம் வைக்க வேண்டாம். கருத்தடை செய்துவிட்டால் பின்னாளில் கருப்பையில் சீழ் கட்டும் நோயிலிருந்தும் அவள் தப்பித்துக்கொள்வாள். இவ்வளவு சின்ன உடம்புக்கு மயக்க மருந்து கொடுப்பதில் பழக்கமுள்ள மருத்துவரிடம் செய்யச் சொல். அறுவைக்கு முன் பட்டினி எத்தனை மணி நேரம் என்று அவரிடமே கேட்கச் சொல். பெரிய நாய்க்குச் சொல்வதுபோல் ராத்திரி முழுக்கப் பட்டினி போடக் கூடாது, சர்க்கரை இறங்கிவிடும்.

ஒருவேளை கவனம் தப்பிச் சினை பிடித்துவிட்டால், அதற்கும் தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள். நாய்க்குச் சினைக் காலம் சுமார் 63 நாள். 55ஆம் நாளுக்கு மேல் ஒரு எக்ஸ்ரே எடுத்தால் குட்டி எத்தனை, தலை எவ்வளவு பெரிது, தாயின் இடுப்பு வழி எவ்வளவு என்று மருத்துவர் பார்த்துச் சொல்லிவிடுவார். கடைசி வாரத்தில் காலை மாலை ஆசனவாயில் வெப்பமானி வைத்துக் குறித்து வாருங்கள். 99 டிகிரிக்குக் கீழே இறங்கினால் ஒரு நாளுக்குள் ஈனும். முக்க ஆரம்பித்து அரை மணி ஆகியும் குட்டி வராவிட்டால் வீட்டில் கையை விட்டு இழுக்காமல் வண்டியில் ஏற்றுங்கள். உங்களுக்குக் கரூரிலிருந்து நாமக்கல் கால்நடை மருத்துவக் கல்லூரி மருத்துவமனை பக்கம்தான். ராத்திரியில் யார் இருப்பார்கள், எந்த எண்ணில் கூப்பிடுவது என்று இப்போதே ஒருநாள் நேரில் போய் விசாரித்து எழுதி வைத்துக்கொள்ளுங்கள். பஞ்சுவுக்குப் பல் எடுக்கிற விஷயமாகவும் அங்கே கேட்டுக்கொள்ளலாம்.